நடுப்பலகைக்குக் கீழே

அம்மாவின் காலை எடுத்த பிறகுதான் அப்பாவின் படகு நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கு எது நேரத்தோடு தோன்றியிருக்கிறது?

கால்வாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் இருக்கும் மீன் ஆலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவதும், ஷிப்ட் முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருவதும் அப்பாவின் தொழில். கால்வாய் என்றால் தாண்டிக் குதிக்கிற கால்வாய் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் அதன் நடுவில்தான் போகும். படகு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தேய்த்த படகு. அதன் பின்னால் மாட்டியிருந்த அவுட்போர்டு எஞ்சின் படகைவிட மூத்தது. வேறு ஊருக்குக் குடிபோன ஒரு கணவன் மனைவியிடமிருந்து அப்பா அதை வாங்கினார். வாங்கிய கையோடு நீலப் பெயிண்ட் அடித்து, எஞ்சின் மூடியைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்த்த மாப்பிள்ளையையும் இப்படி மேலே மட்டும்தான் துடைத்துப் பார்த்தார், அது வேறு கதை. அந்த எஞ்சினைப் பற்றி யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "இருமும், ஆனா நிக்காது."

ஆள் ஏற்றும் படகில் ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும் என்று துறையில் ஒரு விதி. அந்த இன்னொருவர் அம்மா. அதுவரை வீட்டில் மிதி மெஷினில் துணி தைத்துக்கொண்டிருந்தவள், மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டுப் படகின் நடுப்பலகையில் போய் உட்கார்ந்தாள். கரை சேரும்போது கயிறு பிடிப்பாள், மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுப்பாள், படகு ஆடும்போது எழுந்து நிற்கிற பெண்களை வைது உட்கார வைப்பாள். கடைசி வேலையை ரசித்துச் செய்வாள்.

படகு ஒரு பக்கம் சாயாமல் இருக்கப் பெட்ரோல் டேங்கையும் அந்த நடுப்பலகைக்குக் கீழேதான் வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் ஓரமாகவே பின்னால் எஞ்சினுக்குப் போகும். டேங்கை விட்டு வெளியே வந்த இடத்தில், கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் பல்பு. எஞ்சினைக் கிளப்பும் முன் அதை நாலு அமுக்கு அமுக்கிப் பெட்ரோலை மேலே ஏற்ற வேண்டும். "ஏத்து" என்று அப்பா பின்னாலிருந்து குரல் கொடுப்பார். அம்மா குனியச் சோம்பல்பட்டுக் காலாலேயே அமுக்கிவிடுவாள். எஞ்சின் கிளம்பும். அவருக்கும் அவளுக்கும் நடுவில் அத்தனை பெண்கள், அத்தனை சாப்பாட்டுப் பைகள். அதற்கு மேல் அவள் கால் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று அவர் பார்த்ததில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்து வெகு காலம் ஆகியிருந்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வந்து, அடுத்த தெருவில் போய்த் தேடுவாள். வலது குதிகாலில் ஒரு கீறல் வந்தது, கீறல் புண்ணாயிற்று, புண் கறுத்தது. தினமும் இந்த இடம் எதிலாவது உரசுகிறதா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் நாள் பூரா உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்றாள் அம்மா. கட்டுப் பிரித்த நர்ஸ், புண்ணில் பெட்ரோல் வாடை அடிக்கிறதே என்று மூக்கைச் சுளித்தாள். படகுக்காரி காலில் பன்னீரா மணக்கும் என்று அம்மா சொல்ல, வார்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அதற்கடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சம்மதக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அப்பா டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மறுபடி எப்போது படகில் ஏறலாம் என்று. பிடித்துக் கால்வாயில் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

அவருக்கு இன்னொரு ஆள் வேண்டுமே. நான் தையல் ஆலையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவின் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா "ஏத்து" என்றார். நான் குனிந்து கையால் நாலு அமுக்கு அமுக்கினேன். பல்பு கெட்டியானதும் கையை எடுத்துவிட்டேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று டேங்கின் மேலேயே படம் போட்டிருந்தது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. அப்பா வேகம் கூட்டினார். கால்வாயின் நடுப்பகுதியை நெருங்கும்போது எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு சத்தம் இறங்கிக்கொண்டே வந்து அடங்கிவிட்டது. படகுக்கு அடியில் தண்ணீர் தளும்புகிற ஓசை மட்டும் கேட்டது. ஏத்து என்றார், அமுக்கினேன், கிளம்பியது. வேகம் எடுத்ததும் மறுபடி நின்றது. அப்படி விட்டு விட்டு ஊர்ந்து அக்கரை போய்ச் சேர்ந்தோம். தாமதத்துக்கு அந்தப் பெண்கள் ஆலையில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டேங்கைக் காலி செய்து, காயவைத்துப் புதுப் பெட்ரோல் ஊற்றினார் அப்பா. நின்றது. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு திருகு இருக்கும், அதைத் திறக்காமல் விட்டால் உள்ளே காற்று இல்லாமல் பெட்ரோல் வராது. அது திறந்துதான் இருந்தது. பில்டரை மாற்றினார், பிளக்கை மாற்றினார். குழாயைக் கழற்றி, பல்பு இருந்த முனையில் வாய் வைத்து ஊதினார். மறு முனையில் நான் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். காற்று தாராளமாக வந்தது. குழாயில் கோளாறு இல்லை என்று திரும்ப மாட்டிவிட்டார். துறையில் தண்ணீர் டிரம்முக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டிப் பார்த்தால் குழந்தை மாதிரி ஓடும். ஆள் ஏற்றிக்கொண்டு நடுவே போனால்தான் அதற்குச் சாவு வரும்.

சாவு என்பது சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை கப்பல் போகிற தடத்தின் நட்டநடுவில் நின்றது. ஒரு கப்பலை இழுத்துக்கொண்டு இழுவைப் படகு வந்துகொண்டிருந்தது. நினைத்த இடத்தில் நிற்கக் கூடியவை இல்லை அவை. சங்கு ஊதினார்கள். அப்பா எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார், இழுத்தார், எஞ்சின் ஒரு சொல் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் உள்ளே இறங்கியது. பல்பை அமுக்கு என்றுகூட அப்பா சொல்லவில்லை, நானாகவே வெறி பிடித்தவள் போல் அமுக்கினேன். கிளம்பியது. நாங்கள் விலகிய இடத்தில் இழுவைப் படகு போயிற்று, அதன் பின்னால் கப்பலின் சுவர் போயிற்று. அந்தச் சுவரில் இருந்த துரு, அதில் வழிந்த தண்ணீர் எல்லாம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. படகுக்குள் ஏறிய அலைத் தண்ணீரில் சாப்பாட்டுப் பைகள் மிதந்தன.

ஆலை சூப்பர்வைசர் துறைக்கே வந்துவிட்டார். இன்னும் ஒரு தரம் நடுவில் நின்றால் வேறு படகுக்குக் கொடுத்துவிடுவேன், அதுவரை ஆளைக் கொல்லாமல் ஓட்டுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் படகு போனால் அப்பாவுக்குக் கரையில் ஒரு வேலையும் தெரியாது. அம்மாவின் ஊசியும் மருந்தும் அந்தப் படகிலிருந்துதான் வந்தன. படகு ஓடினால் நாங்கள் எல்லோரும் தடத்தின் நடுவில் சாகலாம், ஓடாவிட்டால் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகலாம். படகில் திரும்பி வரும் வழியில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கம்மா உக்காந்திருந்த வரைக்கும் ஒரு நாள் நின்னதில்ல."

ராசி இல்லாதவள் என்று சொல்கிறார். புருஷன் வீட்டில் இருந்தபோது கேட்டதுதான், புதிதில்லை. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு அவர் நீந்தித்தான் வீட்டுக்குப் போயிருப்பார்.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். துறையில் அவனுக்குக் 'கார்புரேட்டர்' என்று பெயர். எந்த எஞ்சினைக் கொண்டு போனாலும், பேச்சுக்கு ஹாரன் அடிக்கவில்லை என்று கொண்டு போனாலும், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். எங்கள் எஞ்சினிலும் அதையே செய்தான். கழுவினான், ஊதினான், மாட்டினான். டிரம்மில் ஓடியது, ஆள் ஏற்றாமல் கால்வாயில் ஓட்டிப் பார்த்தால் நின்றது. பெட்ரோலை உறிஞ்சும் பம்பின் ஜவ்வை மாற்றினான். நின்றது. மானம் போய்விட்ட ஆத்திரத்தில், எல்லாவற்றையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டு போங்கள், அங்கே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன் என்றான்.

முன்னறையில்தான் அம்மாவின் கட்டில். ஜன்னலுக்குப் பக்கத்தில் உறை போட்ட தையல் மெஷின், அதன் மேல் மருந்துப் பாட்டில்கள். தரையில் பழைய துணியை விரித்துப் பம்பு, கார்புரேட்டர், குழாய், பல்பு எல்லாவற்றையும் பரப்பினோம். பகல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. அறை முழுக்கப் பெட்ரோல் வாடை. அந்த வாடையில் அம்மாவுக்கு ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது. எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். துண்டான கால் போர்வைக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகப் படகு நிற்கிற விஷயத்தை அப்பா அவளிடம் சொல்லவில்லை, கவலைப்படுவாள் என்று. இப்போது மெக்கானிக் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. மெதுவாகப் போனால் ஓடுகிறது, வேகம் எடுத்தால் நிற்கிறது, அமுக்கினால் மறுபடி கிளம்புகிறது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் காட்டி அப்பாவிடம் கேட்டாள்.

"இவ மிதிக்கிறாளா?"

எதை என்றார் அப்பா.

"அந்த ரப்பர் உருண்டைய. எஞ்சின் ஓடுற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருக்கணும்ல. நீங்க இவளுக்குச் சொல்லலையா?"

அப்பாவின் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. மெக்கானிக் என்னைப் பார்த்தான், நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் மூன்று பேருக்கும் இவ்வளவு சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையே என்று அம்மாவுக்குச் சிரிப்பு. அவளே விளக்கினாள். படகு வாங்கிய அன்று, விற்றவர்கள் வீட்டுப் பெண் அவளை நடுப்பலகையில் உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தாளாம். குதிகாலை இதன் மேல் வை, மெதுவாக மிதி, விடு, உன் வீட்டுக்காரர் வேகம் கூட்டினால் நீயும் கூட்டு. அம்மாவுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? பாதி ஆயுள் தையல் மெஷினை மிதித்தவள். ஒரு தரம் பேச்சு சுவாரசியத்தில் காலை எடுத்துவிட்டாளாம், எஞ்சின் இருமியிருக்கிறது, சட்டென்று மிதித்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து காலை எடுத்ததே இல்லை. எல்லாப் படகும் இப்படித்தான் ஓடுகிறது என்று நினைத்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் அவர்தானே. இதைப் போய் யாராவது தனியாகச் சொல்வார்களா?

மெக்கானிக் குழாயை எடுத்தான். ஊதிப் பார்த்தாயிற்று என்றார் அப்பா. அவன் தலையை ஆட்டினான்.

"எல்லாரும் ஊதித்தான் பாக்குறோம்ணே. நானும் ஊதித்தான் பாத்தேன். எஞ்சின் ஊதாதே, உறிஞ்சும்ல."

பெட்ரோல் வாய்க்குள் போகும் என்று யாரும் செய்யாததை அவன் செய்தான். எஞ்சின் பக்கத்து முனையை வாயில் வைத்து உறிஞ்சினான். கன்னம் இரண்டும் குழிந்து உள்ளே போயின. காற்றுகூட வரவில்லை. துப்பிவிட்டு, பிளேடால் குழாயை நெடுகக் கிழித்தான். வெளியே பார்த்தால் புதுக் குழாய். உள்ளே இருந்த மெல்லிய தோல் பிய்ந்து, கழன்று, ஈரத்துணி மாதிரி கிடந்தது. எஞ்சின் உறிஞ்சினால் அந்தத் தோல் வந்து வழியை அடைத்துக்கொள்ளும். பல்பை மிதித்துப் பின்னாலிருந்து தள்ளினால் விலகி வழி விடும். அப்பா ஊதும்போது விலகியதும் அப்படித்தான். விற்றவர்களுக்கு அது தெரிந்தோ தெரியாமலோ, ஒரு ரப்பர் குழாயை மாற்றுவதற்குப் பதிலாக அந்த வீட்டுப் பெண்ணின் காலை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். படகோடு சேர்த்து அந்த வேலையும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் மெக்கானிக் நிறுத்தாமல் பேசினான். பல்பைத் தூக்கிக் காட்டினான். அதன் கழுத்தில் குழாயை இறுக்க ஓர் இரும்புக் கிளிப் போட்டிருந்தது. கிளிப்பின் நுனி மடங்காமல் மேலே பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பெட்ரோல் கசிந்து கசிந்து படகின் அடிப்பலகையே கறுத்திருக்கும் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே நுனியைத் தொட்டவன், சுருக்கென்று விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

அம்மா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு கிளிப்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்போ அது மிதிக்கிறதுக்கு இல்லையா, தம்பி?"

"கையால நாலு அமுக்கு, அவ்வளவுதான் அண்ணி. அப்புறம் அதத் தொடவே வேணாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. போர்வையின் கீழ்ப்பகுதி தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தான். சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டான். புதுக் குழாயும் கிளிப்பும் தானே கொண்டு வந்து மாட்டித் தருவதாக வாசலில் நின்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா அழவில்லை. கிழிந்த குழாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தோலை விரலால் நீவி நீவி ஒட்டப் பார்த்தாள். ஒட்டவில்லை. அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டாள், அம்மாவுக்குத் தெரியாததை அவள் எப்படிச் சொல்வாள்? அத்தனை நாளும் அதே படகில் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

"ஒரே ஒரு நாள் அந்தப் பலகைக்குக் கீழ குனிஞ்சு பாத்திருக்கலாமேப்பா."

"நான் ஓட்டுறவன்மா. முன்னாடிதான் பாக்கணும்" என்றார். அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

புதுக் குழாய் மாட்டிய அன்று, ஆலைப் பெண்களை ஏற்றும் முன் காலிப் படகை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றாள் அம்மா. வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அது நான் இல்லாமல் ஓடுவதை நான் பார்க்க வேண்டும் என்றாள். அதற்கு மேல் என்ன பேச? நானும் மெக்கானிக்கும் இரண்டு பக்கமும் தாங்கி அவளைப் படகில் இறக்கினோம். பழைய பழக்கத்தில் நேரே நடுப்பலகையில் போய் உட்கார்ந்தாள். போர்வையால் இடுப்புக்குக் கீழே மூடிக்கொண்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

அப்பா பின்னாலிருந்து "ஏத்து" என்று சொல்லவில்லை. எழுந்து வந்தார். அவள் முன்னால் மண்டியிட்டு, பலகைக்குக் கீழே தலையை விட்டுக் குனிந்து, கையால் நாலு தரம் அமுக்கினார். அமுக்கிய பிறகும் உடனே நிமிரவில்லை. கறுத்துப்போன அடிப்பலகையை உள்ளங்கையால் தேய்க்கிற சத்தம் கேட்டது. அம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிறது, கிளப்புங்கள் என்றாள்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரையை விட்டு விலகி, வேகம் கூட்டி, கப்பல் தடத்துக்குள் போனோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் இருமல் இல்லை. அப்பா முழு வேகமும் கொடுத்தார். அந்த எஞ்சினுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. இதை முன்பே கேட்டிருக்கலாம்.

அப்போதுதான் அம்மாவின் போர்வையைக் கவனித்தேன். வலது பக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் கொஞ்சம் எழும்பும், அழுந்தும், எழும்பும், அழுந்தும். எஞ்சினின் வேகத்தோடு சரியாக. அப்பாவும் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் எட்டி அவள் முழங்கால் மேல் கையை வைத்தேன்.

"வேணாம்மா. புதுக் குழாய் போட்டாச்சு. மிதிக்க வேணாம்."

"தெரியும்டி" என்றாள். "நானா மிதிக்கிறேன்? அதுவாத்தான் மிதிக்குது. நிறுத்துன்னாலும் கேக்க மாட்டேங்குது."

என் கையின் கீழே அந்த முழங்கால் அழுந்தி அழுந்தி எழுந்தது. அப்பா முன்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அக்கரை போய்ச் சேரும் வரை படகு ஒரு இடத்திலும் நிற்கவில்லை.